கோவில்பட்டி - கழுகுமலை - கயத்தாறு: கரிசல்காட்டு வழியாக எம்டிபி (மண் பாதை சைக்கிள்) பயணம், ஆலோசனை வேண்டும்

வைகைக்கரை | ஜனவரி 6, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகிறோம். அழகர்கோவில் பக்கம் போய் வருவது வழக்கம், பெரும்பாலும் தார்ச்சாலைதான். இந்த முறை மண் பாதையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க ஆசை.

திட்டம் இது. தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையில் காலை 7 மணிக்குக் கோவில்பட்டியில் கிளம்பி, வண்டிப்பாதை வழியாகக் கழுகுமலை. அங்கே வெட்டுவான் கோயில் பார்த்துவிட்டுத் தெற்கே கயத்தாறு, அங்கிருந்து கடம்பூர், மறுபடி கோவில்பட்டி. வரைபடத்தில் அளந்தால் 80 கிலோமீட்டர் வருகிறது. மலை ஏற்றம் ஒன்றும் இல்லை என்பதால் நடுத்தரப் பாதை என்று நினைக்கிறேன்.

குழுவில் என் தங்கையும் அவள் தோழியும் புதியவர்கள், இதுவரை 25 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. ஐந்து பேரிடம் 29 இஞ்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்), 2.2 டயர், உள்ளே டியூப். ஒன்று மட்டும் பழைய 26 இஞ்ச். தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும், டயர் தாங்குமா, அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காரன் | ஜனவரி 6, இரவு 10.40

தம்பி, தூரத்தை அப்புறம் பேசலாம், முதலில் தேதியை மாற்றுங்கள். சித்திரை பிறக்கும்போது எங்கள் ஊரில் காலை ஒன்பது மணிக்கே வெயில் உறைக்கும். பதினொரு மணிக்குக் காட்டில் ஆடுகூட நிற்காது, கண்மாய்க்கரையில் கிடைத்த புளிய மரத்தடியில் போய் ஒண்டிக்கொள்ளும். நீங்கள் அந்த நேரத்தில் கழுகுமலைக்கும் கயத்தாற்றுக்கும் நடுவே, இருபுறமும் அறுத்துப்போட்ட காட்டில், தலைக்கு மேல் ஒரு இலைகூட இல்லாமல் நிற்பீர்கள்.

மலை இல்லாததால் நடுத்தரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் ஒரு பாதை சுலபமா கஷ்டமா என்று ஏற்றத்தை வைத்துச் சொல்ல மாட்டோம். எத்தனை தூரத்துக்கு ஒரு மரம், அந்த மரத்தடியில் ஆள் இருக்குமா என்றுதான் கேட்போம். அப்படிப் பார்த்தால் உங்கள் 80 கிலோமீட்டர் புதியவர்களுக்கான பாதை இல்லை.

மண்ணைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கரிசல் மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முன்சக்கரம் இறங்கும் அளவுக்கு வெடிப்பு உண்டு. மேலே புழுதி மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. வெடிப்பு நீளவாக்கில், நீங்கள் போகும் திசையிலேயே ஓடினால் சக்கரம் அதற்குள் மாட்டி ஆளைத் தூக்கி எறியும். அகலமான டயர் இருந்தாலும் மண் தடத்தின் நடுத்திட்டில் ஓட்டுவதுதான் நல்லது.

ஈரத்தில் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் அந்தப் பாதையில் இறங்கினால் பத்தடிக்குள் மண் சக்கரத்தில் அப்பி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சைக்கிள் உருளாமல் நின்றுவிடும். தோளில் தூக்கலாம் என்றால் அதன் எடை இரண்டு மடங்காகியிருக்கும். நல்ல மழைக்குப் பிறகு நாலைந்து நாள் வெயில் அடித்தால்தான் பாதை பாதையாகும். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். திரி போல உருண்டு வந்தால் திரும்பி வீட்டுக்குப் போய்விடுங்கள். ஈரத்தில் நீங்கள் போட்டுவிட்டுப் போகும் பள்ளம் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் மாசி முழுக்க விதைப்புக்காரரும் அறுப்புக்காரரும் அதில்தான் டி.வி.எஸ். வண்டியை ஓட்ட வேண்டும்.

ஆகவே தை பிற்பாதியிலிருந்து மாசி முற்பாதிக்குள் வாருங்கள். மண் இறுகியிருக்கும், வெடிப்பு அவ்வளவாக இருக்காது, விடியற்காலையில் குளிர்கூட இருக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம் இரண்டும் வேண்டாம், கழுகுமலையில் தெருவில் நடக்கவே இடம் இருக்காது.

தேரிமணல் | ஜனவரி 7, காலை 7.05

நிழல் இல்லாத நிலத்தில் ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் திருச்செந்தூர் பக்கம் எங்கள் குதிரைமொழித் தேரிக்கு வரலாமே? செக்கச்செவேல் என்ற மணல் மேடுகள், நடுவே பனையும் முந்திரியும். தமிழ்நாட்டில் அபூர்வமாகவே பார்க்கக் கிடைக்கும் நிலம்.

பஞ்சர்கடை | ஜனவரி 7, காலை 8.20

தேரியைப் பார்க்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது காற்றில் வந்து குவிந்த பொடிமணல். 2.2 டயர் அதில் புதைந்துதான் போகும், புதியவர்கள் பாதி நேரம் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். நான்கு இஞ்ச் டயர் உள்ள ஃபேட் பைக் இருந்தால் போகலாம். இந்தக் குழுவுக்குக் கரிசல்தான் சரி.

டயர் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு மூன்று முள் காத்திருக்கின்றன. சீமைக்கருவேல முள், உடைமரத்து முள், நெருஞ்சி. நெருஞ்சி சிறியது, ஒரே நேரத்தில் இருபது குத்தும். உடை முள் வெள்ளையாக நீளமாக இருக்கும், ஓரளவு கண்ணுக்குத் தெரியும். சீமைக்கருவேலம்தான் பொல்லாதது. டயருக்குள் குத்தி நுனி ஒடிந்து ரப்பரிலேயே தங்கிவிடும். நீங்கள் டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்புவீர்கள், நூறடியில் அதே நுனி புது டியூபையும் குத்தும். பஞ்சர் ஆனதும் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சோ பழைய பனியன் துணியோ வைத்துச் சுற்றிலும் துடையுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. இடுக்கி ஒன்று கட்டாயம் வேண்டும், விரலால் பிடுங்க வராது. கரிமூட்டம் போடுகிற இடங்களில் வெட்டிய கிளைகளைப் பாதையோரம் இழுத்துப் போட்டிருப்பார்கள். அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

டியூப்லெஸ் ஆக மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஓட்டையைத் தானே அடைக்கிற சீலண்ட் திரவம் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், கிளம்பும் வாரத்தில் புதிதாக ஊற்றவேண்டும். முடியாவிட்டால் டியூபுக்குள்ளேயே சீலண்ட் விட்டு, டயருக்கு உள்ளே லைனர் பட்டை போடுங்கள். ஆளுக்கு இரண்டு உபரி டியூப், குழுவுக்கு இரண்டு பம்ப். காற்று 30, 35 பிஎஸ்ஐ போதும். தார்ச்சாலைப் பழக்கத்தில் 50 வைத்தால் கட்டி மண்ணில் கை மரத்துப்போகும்.

இன்னொன்று. வழியில் உள்ள ஊர்களில் சைக்கிள் கடை இருந்தாலும் அங்குள்ள பம்ப் சாதாரண சைக்கிள் வால்வுக்கானது, உங்கள் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தாமல் போகலாம். சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். 29 இஞ்ச் டியூபும் அங்கே கிடைக்காது. ஏற்கெனவே திறந்த, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் காய்ந்துபோயிருக்கும், புதிதாக வாங்குங்கள். என் கடைக்கு வரும் பாதிப்பேர் பை நிறையச் சாமான் வைத்துக்கொண்டு சொல்யூஷன் காய்ந்து நிற்பார்கள்.

தொலைதூரம் | ஜனவரி 7, மதியம் 1.30

80 கிலோமீட்டரைக் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதிகாலை 4 மணிக்கு நல்ல விளக்குடன் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் 50 முடிந்துவிடும். நான் 200, 300 கிலோமீட்டர் பயணங்களில் இப்படித்தான் செய்கிறேன். வெயிலை ஏமாற்ற இருட்டைவிட நல்ல வழி இல்லை.

கரிசல்காரன் | ஜனவரி 7, இரவு 8.10

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். தார்ச்சாலையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எங்கள் காட்டில் தரைமட்டக் கிணறுகள் உண்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது. பல கிணறுகள் பாழடைந்து விளிம்பைச் சுற்றிக் கருவேலம் மண்டிக் கிடக்கும். பகலிலேயே பக்கத்தில் போனால்தான் தெரியும். இருட்டில் பாதை தவறி உழவு நிலத்தில் இறங்கிப் பாதையைத் தேடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டு மாடு ஒன்று அப்படி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இரவில் காட்டில் ஆட்டுக் கிடை போட்டிருப்பார்கள். காவல் நாய்கள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தால் விடாது. பகலில் என்றால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் போதும், ஆடு மேய்க்கும் கீதாரி ஒரு சத்தம் கொடுத்தால் அடங்கிவிடும்.

கிழக்கு வெளுத்த பிறகே வண்டிப்பாதையில் சக்கரம் வைக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொலைதூரம் | ஜனவரி 7, இரவு 9.00

கிணறு விஷயம் எனக்குத் தெரியாது. அப்படியென்றால் என் யோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம். தூரத்தைக் குறையுங்கள்.

ஆடிக்காற்று | ஜனவரி 8, காலை 6.50

கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

அவ்வளவு காற்றாடிகள் அங்கே நிற்பதற்குக் காரணம் செங்கோட்டைக் கணவாய். ஆனியிலிருந்து ஆவணி வரை மேல்காற்று அந்த இடைவெளி வழியாகப் புகுந்து சமவெளியில் அடித்துத் தள்ளும். அந்த மாதங்களில் மேற்கு நோக்கி ஓட்டினால் சமதளத்திலும் மலை ஏறுகிற கியரில்தான் போவீர்கள். தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அவ்வளவு வேகம் இருக்காது, விடியும்போது அசைவே இருக்காது, ஒன்பது மணிக்கு மேல் எழும்பும்.

உங்கள் வட்டப்பாதையில் கடைசி 20 கிலோமீட்டர், கடம்பூரிலிருந்து வடக்கே கோவில்பட்டி வரை, உச்சி வெயிலில் எதிர்க்காற்றில் வருகிறது. உடல் சோர்ந்திருக்கும் நேரத்தில் கஷ்டமான பகுதியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். வட்டத்தை விட்டுவிடுங்கள். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை மேற்கு, அங்கிருந்து கயத்தாறு தெற்கு. காற்று முதுகிலோ பக்கத்திலோதான் இருக்கும். கயத்தாற்றில் நான்குவழிச் சாலையோரம் கட்டபொம்மன் சிலை அருகே முடித்துக்கொண்டு, லோடு ஆட்டோவில் சைக்கிள்களை ஏற்றிக் கோவில்பட்டிக்கு வந்துவிடலாம். மொத்தம் 50 கிலோமீட்டருக்குள் அடங்கும்.

வைகைக்கரை | ஜனவரி 8, காலை 9.30

ஆறு பேரும் நேற்று இரவும் இன்று காலையும் உட்கார்ந்து படித்தோம். தேதியைப் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறுக்கு மாற்றிவிட்டோம். கடம்பூரையும் எடுத்துவிட்டோம். போளி வாங்கத்தான் தங்கை அந்த ஊரைச் சேர்க்கச் சொன்னாள், திரும்பும்போது வண்டியில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானமாகிவிட்டாள். தண்ணீர் பற்றி யாராவது சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் போதுமா?

நெல்லைச்செவிலி | ஜனவரி 8, இரவு 11.20

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். வெயில் காலத்தில் மயங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பழகியதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெயிலில் உடலை வருத்தும்போது மணிக்கு ஒரு லிட்டர், சிலருக்கு அதற்கு மேலும்கூட வியர்வையாகப் போகலாம். மூன்று லிட்டரோடு கிளம்புங்கள், கழுகுமலையில் நிரப்பிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. உப்பு வெளியேறிக்கொண்டே இருக்க, தண்ணீர் மட்டும் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஓஆர்எஸ் பொட்டலம் வாங்குங்கள். 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கலக்கவேண்டும். அரைப் பொட்டலத்தைக் கண்ணளவில் கொட்டாதீர்கள். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் அதற்கு மாற்று இல்லை, சர்க்கரை அதிகம். காலையில் கிளம்பும்முன் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ குடித்தால் மிக நல்லது.

தங்கைக்கும் தோழிக்கும் தனியாக ஒன்று சொல்லவேண்டும். வழியில் ஒதுங்க இடமில்லை என்று நினைத்துப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். வெளியே சொல்லவும் மாட்டார்கள். என் தங்கச்சிகள் இருவரும் இதை வாசித்தால் தயவுசெய்து குடியுங்கள். அண்ணன்மார் முன்னமே இடத்தை யோசித்து வையுங்கள். கிளம்பும் முன் பேருந்து நிலையம், நடுவில் கழுகுமலை, இரண்டு இடத்திலும் நின்று போவது என்று பயணத் திட்டத்திலேயே எழுதிவிட்டால் யாரும் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

யாருக்காவது தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அவருடைய பயணம் அங்கே முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, ஓஆர்எஸ் கொடுங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், நடை தள்ளாடினால் அது வெப்ப வாதம். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். குடிக்க வேண்டுமே என்று அந்தத் தண்ணீரைச் சேமிக்காதீர்கள்.

கரிசல்காரன் | ஜனவரி 9, காலை 6.15

அக்கா சொன்னதைப் படி எடுத்து ஆளுக்கு ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கேட்பதில் ஒரு நாகரிகம் உண்டு. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் சவரு. அடிபம்பில் வருவது குளிக்கத்தான் ஆகும். குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும், ஆனால் தினமும் வராது, குடத்தில் பிடித்து வைத்துப் புழங்குவார்கள். வாசலில் போய் நின்றால் எந்த வீட்டிலும் செம்பு நிறையத் தருவார்கள், இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். அதற்காக ஆறு பேர் ஆறு பாட்டிலை நீட்டாதீர்கள். குடிக்க ஒரு செம்பு வாங்கிக்கொண்டு, நிரப்புவதைக் கழுகுமலைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தை, மாசி அறுப்புக் காலம். மக்காச்சோளமும் உளுந்தும் தார்ச்சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். குருமலைப் பக்கம் தடம் நல்லாயிருக்கிறதே என்று திரும்பாதீர்கள், அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது.

நேரக் கணக்கு இப்படி வையுங்கள். 6.30க்குக் கிளம்பினால் 8.45க்குக் கழுகுமலை. வெட்டுவான் கோயிலுக்கு வெறும் பாறையில் ஏறவேண்டும், பெடலில் மாட்டுகிற கிளீட் வைத்த ஷூ வழுக்கும், செருப்பு எடுத்து வாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கியது. பாதியில் நின்றுபோனது, அந்தப் பாதியே போதும் என்று தோன்றும். பக்கத்துப் பாறையில் சமணத் திருவுருவங்கள் வரிசையாக இருக்கும், அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். 9.45க்குள் அங்கிருந்து கிளம்ப முடிந்தால் மட்டும் கயத்தாறு. ஒரு நிமிடம் தாண்டினாலும் பயணம் கழுகுமலையோடு முடிந்தது. இதை இப்போதே ஆறு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் வெயிலில் நின்று பேசினால் முடிவு சரியாக வராது.

சாப்பிட நிறையச் சுமக்க வேண்டாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கால் கிலோ வாங்குங்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். வெயிலில் சாக்லேட் மாதிரி உருகி வழியாது.

வைகைக்கரை | பிப்ரவரி தொடக்கம், இரவு 8.30

ஒத்துக்கொண்டோம். தங்கையும் தோழியும் கழுகுமலை வரை, மற்ற நால்வர் நேரம் இருந்தால் கயத்தாறு வரை. லோடு ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் பேசி வைத்தாயிற்று. கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரம் மழை இல்லையென்றால் வருகிறோம்.

வைகைக்கரை | பயணத்துக்கு மறுநாள், இரவு 9.50

போய் வந்துவிட்டோம். கயத்தாறு போகவில்லை.

6.35க்குக் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. மண் சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது, பருத்திக் காட்டில் பனி, தூரத்தில் காற்றாடிகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. தங்கை முன்னால் போய்க்கொண்டே இருந்தாள், நான்தான் பின்னால் வந்தேன்.

அதன்பிறகு இரண்டு பஞ்சர், இரண்டும் சீமைக்கருவேலம். பனியன் துணி யோசனை இல்லாவிட்டால் மூன்றாவதும் ஆகியிருக்கும், நுனி உள்ளேதான் இருந்தது. பிறகு ஓர் இடத்தில் வரைபடத்தில் இருந்த வண்டிப்பாதையையே காணோம், உழுதுவிட்டிருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடைக்கரையோடு சுற்றிப் போகச் சொன்னார். அந்தச் சுற்றில்தான் கிணற்றைப் பார்த்தோம். பாதையிலிருந்து பத்தடி இருக்கும். கருவேலத்துக்குள் தரையோடு தரையாக வாய் திறந்து கிடந்தது. கல்லைப் போட்டோம், சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். நாலு மணிக்கு விளக்கோடு வந்திருந்தால் என்ற நினைப்பு எல்லோருக்குமே வந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கழுகுமலை சேரும்போது 9.20. கோயிலைப் பார்த்து இறங்கும்போது 10.15. நண்பர் ஒருவருக்கு மிகவும் வருத்தம், "முப்பது நிமிடம்தானே தாண்டியிருக்கிறது" என்றார். ஒத்துக்கொண்டதை எடுத்துக் காட்டினேன். வேப்ப மரத்தடியில் மோர் குடித்தோம். குடித்து முடிக்கையில், அதே நண்பர் தலை வலிக்கிறது என்றார். ஓஆர்எஸ் கொடுத்துப் படுக்கவைத்தோம், ஒரு மணி நேரத்தில் சரியானார். காலையிலிருந்து அவர் ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணீர் மட்டுமே குடித்திருக்கிறார், அப்போதுதான் தெரிந்தது. லோடு ஆட்டோவைக் கழுகுமலைக்கே வரச்சொல்லி ஏறிவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்துக் கழுகுமலையில் விடிகாலையில் தொடங்கிக் கயத்தாறு மட்டும் போகிறோம். இந்த முறை தங்கையும் முழுத்தூரம் வருகிறேன் என்கிறாள்.

நெல்லைச்செவிலி | அதே நாள், இரவு 10.30

அந்த நண்பரை அடுத்த முறை முதல் அரை மணியிலேயே ஓஆர்எஸ் குடிக்க வையுங்கள். இரண்டு நாளைக்கு வெயிலில் உழைக்க வேண்டாம். தங்கச்சிக்கு என் அன்பு.

தொலைதூரம் | அதே நாள், இரவு 10.45

இடமில்லாமல் போனாலும் பரவாயில்லை, அடுத்த பயணத்தில் நானும் வரட்டுமா? வெளுத்த பிறகே கிளம்புகிறேன்.

கரிசல்காரன் | மறுநாள், காலை 5.50

ஐயா, தாராளமாக வாருங்கள், எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.

தம்பி, அந்தக் கிணறு இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து எனக்கு இன்றைக்கே அனுப்புங்கள். ஓடைக்கரை என்றால் யார் காடு என்று ஓரளவு தெரிகிறது, அவர் எங்களுக்குச் சொந்தம்தான். கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் போய் முள்ளை வெட்டி, நாலு கல் நட்டு, சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம்.